காத்து நிற்கும் வால்வு

(குடிநீர், தீயணைப்புப் பணியாளர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடிநீர்ப் பிரிவில் வேலை பார்க்கும் ஃபிட்டர்கள், தினமும் வால்வு திறந்து மூடும் தொழிலாளர்கள், தீயணைப்பு நிலையத்துத் தம்பிகள், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் பொறுப்பாளர்கள் எல்லோரும் இங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்படி ஒரு கூட்டம் அமைவது அபூர்வம். உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நெருப்புப் பிடித்தால் ஹோஸை மாட்டித் தண்ணீர் எடுக்கவென்று தெருவோரத்திலும் கட்டடத்திலும் நிற்கிறதே, அந்த ஹைட்ரண்ட். அதற்கு உயிராக உள்ளே இருக்கும் வால்வு.

வீட்டுக் குழாயை ஒரு நாளில் எத்தனை முறை திறந்து மூடுகிறோம்! வாஷர் தேய்ந்தால் அன்றைக்கே சொட்டத் தொடங்கும். யாராவது பார்ப்பார்கள், மாற்றுவார்கள். ஹைட்ரண்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பத்து வருஷம், இருபது வருஷம் யார் கையும் படாமல் நிற்கும். பிறகு ஒரு நள்ளிரவில், கூப்பிட்ட ஒரு நிமிடத்துக்குள் முழுசாகத் திறந்து, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரைக் கொட்ட வேண்டும். மற்ற யந்திரங்களை வடிவமைக்கிறவர்கள் ஓடுவதால் வரும் தேய்மானத்தை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். ஹைட்ரண்டை வடிவமைக்கிறவர் கவலைப்பட வேண்டியது சும்மா இருப்பதால் வரும் கேட்டை நினைத்து. அதைப் பழுது பார்க்கிறவரும் அப்படித்தான். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

ஹைட்ரண்ட் வருவதற்கு முன்னால் லண்டனில் தண்ணீர் போனது மரக்குழாயில். எல்ம் மரத்தின் அடித்துண்டை நீளவாக்கில் குடைந்து, ஒன்றோடு ஒன்று செருகித் தெருவுக்கடியில் புதைத்திருந்தார்கள். தீ என்றால் தெருவைத் தோண்டி, மரக்குழாயில் துளை போட்டு, குழியில் பெருகும் தண்ணீரை வாளியிலும் கைப்பம்பிலும் எடுப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தத் துளையில் ஒரு மர ஆப்பை அடித்து மூடிவிடுவார்கள். 1666-ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு, துளையையும் ஆப்பையும் முன்கூட்டியே தயாராக வைக்கும் வழக்கம் வந்தது. வார்ப்பிரும்புக் குழாய் வந்து, அதில் அழுத்தமும் ஏறியபோது, ஆப்பு தாங்கவில்லை. திருகி மூடும் வால்வு தேவைப்பட்டது.

தரைக்கு மேலே தூணாக நிற்கும் ஹைட்ரண்டை 1801 வாக்கில் முதலில் வடிவமைத்தவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர நீர்வழங்கல் பொறியாளர் பிரெடெரிக் கிராஃப் என்று சொல்லப்படுகிறது. அதற்கான காப்புரிமைப் பத்திரம் இன்று இல்லை. 1836 டிசம்பரில் வாஷிங்டன் காப்புரிமை அலுவலகம் எரிந்தபோது, அதுவரை கொடுத்திருந்த ஏறத்தாழ 10,000 காப்புரிமைகளின் ஆவணங்கள் சாம்பலாயின. அதில் இதுவும் போயிருக்கும் என்பது பொதுவான கருத்து. அந்தத் தீயைப் பற்றி ஒரு செய்தியை நீங்கள் கவனிக்க வேண்டும். அலுவலகத்துக்கென்றே தீயணைப்புப் பம்பும் தோல் ஹோஸும் வாங்கி வைத்திருந்தார்கள். பல வருஷம் யாரும் எடுத்துப் பார்க்காமல் கிடந்ததில், தேவைப்பட்ட இரவில் அந்தத் தோல் உளுத்துப்போயிருந்தது. கருவி இருந்தது; கருவிக்கு வேலை கொடுத்துப் பார்த்தவர் இல்லை.

இனி ஹைட்ரண்டின் உள்ளே போவோம்.

பனி உறையும் நாடுகளில் தெருவோரம் நிற்கும் தூணுக்குள் தண்ணீர் தங்கக்கூடாது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருகும். வார்ப்பிரும்பு அந்த நெருக்கத்தைத் தாங்காமல் வெடிக்கும். ஆகவே அங்கே வால்வை மேலே வைப்பதில்லை. மண் உறையும் ஆழத்துக்கும் கீழே, மெயின் குழாயின் மட்டத்தில் வைக்கிறார்கள். மினசோட்டா போன்ற கடுங்குளிர் மாநிலங்களில் அது 7, 8 அடி ஆழம். மேலே தலைப்பில் இருக்கும் நட்டைத் திருப்பினால், நீண்ட தண்டு ஒன்று தூணின் நடுவே இறங்கிப் போய், அடியில் இருக்கும் வால்வைத் தள்ளித் திறக்கிறது. மூடியிருக்கும்போது தூண் வெறுமையாக, காய்ந்து நிற்கும். இதை உலர்வகை என்று சொல்லலாம்.

ஆனால் ஒருமுறை பயன்படுத்திவிட்டு மூடினால், தூணுக்குள் ஏறிய தண்ணீர் எங்கே போகும்? இங்கேதான் இந்த வடிவமைப்பின் அழகு இருக்கிறது. வால்வுக்குச் சற்று மேலே, பக்கச் சுவரில் சின்ன வடிதுளைகள் இருக்கும். வால்வு முழுசாக மூடியிருக்கும்போது அந்தத் துளைகள் திறந்திருக்கும். தங்கிய தண்ணீர் அவற்றின் வழியே சுற்றியுள்ள ஜல்லிப் படுகைக்குள் இறங்கிவிடும். வால்வைத் திறக்கத் தண்டு இறங்கும்போது, அதோடு சேர்ந்து இறங்கும் ஒரு பட்டை துளைகளை அடைத்துவிடும். முழுசாகத் திறந்தால் வடிதுளை முழுசாக அடைபடும். இரண்டுக்கும் நடுவே, முதல் சில சுற்றுகளில் மட்டும், வால்வும் கொஞ்சம் திறந்து துளையும் கொஞ்சம் திறந்திருக்கும். அந்த நொடிகளில் அழுத்தத்தோடு பாயும் தண்ணீர், துளையில் சேர்ந்த மண்ணையும் துருவையும் வெளியே தள்ளிச் சுத்தம் செய்கிறது. தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு தெரியாதவர் கையில் ஹைட்ரண்ட் கிடைத்தால் கேடு வருவதும் இதே இடத்தில்தான். தோட்டத்துக்கோ, கட்டட வேலைக்கோ, "கொஞ்சம் தண்ணீர் போதும்" என்று பாதி திறந்து வைக்கிறார். மேலே அமைதியாகத் தண்ணீர் வரும். கீழே, பாதி அடைபட்ட வடிதுளையிலிருந்து அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சி ஜல்லியையும் மண்ணையும் அரித்துக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் ஹைட்ரண்டின் அடிமண் போகும், நடைபாதை உட்காரும், தூணைப் பின்னாலிருந்து தாங்கும் காங்கிரீட் அணை பிடிமானம் இழக்கும். உலர்வகை ஹைட்ரண்டை முழுசாகத் திற, அல்லது முழுசாக மூடு. நடுவில் நிறுத்தாதே என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். தண்ணீரைக் குறைக்க வேண்டுமானால் ஹோஸ் மாட்டும் வாயில் தனியாக ஒரு வால்வை மாட்டி, அதில் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மூடியபின் வடிகிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு வாயின் மூடியைக் கழற்றி, உள்ளங்கையை அதன் மேல் அழுத்தி வையுங்கள். தண்ணீர் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகும்; கை உள்ளே இழுபடும். இழுக்கவில்லை என்றால் துளை அடைத்திருக்கிறது, அல்லது வால்வு முழுசாக மூடவில்லை. எது என்று அறிய, காதை வாயில் வைத்துக் கேளுங்கள். கீழே சீறும் ஓசை இருந்தால் கசிவு. ஓசை இல்லாமல் தண்ணீர் அப்படியே நின்றால் அடைப்பு. நூலில் ஒரு கனத்தைக் கட்டி உள்ளே இறக்கி இழுத்தால், எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று நனைந்த நூலே காட்டும். நிலத்தடி நீர் மேலோங்கி இருக்கும் இடங்களில் வடிதுளையை வேண்டுமென்றே அடைத்துவிட்டு, ஒவ்வொரு முறை பயன்படுத்திய பின்னும் கைப்பம்பால் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். இல்லையென்றால் வெளித்தண்ணீர் அதே துளை வழியே உள்ளே ஏறிவிடும். அப்படி அடைத்த ஹைட்ரண்டில் அதைக் குறிக்கும் அடையாளம் இருக்க வேண்டும். அடுத்து வருகிறவருக்கு வேறு எப்படித் தெரியும்?

வால்வு எந்தத் திசையில் மூடுகிறது என்பதும் முக்கியம். பரவலாக இருக்கும் வடிவத்தில், வால்வு கீழிருந்து மேலே போய்த் தன் இருக்கையான சீட்டில் உட்காரும். மெயினில் இருக்கும் தண்ணீரின் அழுத்தமே அதை மேலே தள்ளி மூடிவைக்கும். திறக்க வேண்டுமானால் அழுத்தத்தை எதிர்த்துக் கீழே தள்ள வேண்டும். ஒரு லாரி மோதித் தூண் உடைந்தாலும், அடியில் வால்வு மூடியபடியே இருக்கும். தெருவில் தண்ணீர் பீறிடாது. இதையும் ஒருபடி மேலே கொண்டுபோய், தரைமட்டத்தில் வேண்டுமென்றே பலவீனமான ஒரு ஃபிளாஞ்சையும், தண்டில் அதே உயரத்தில் எளிதில் முறியும் ஓர் இணைப்பையும் வைக்கிறார்கள். மோதல் நடந்தால் அந்த இரண்டு மட்டும் போகும். விலை குறைந்த அந்த உதிரிகளை மாற்றித் தூணை மறுபடி நிறுத்திவிடலாம். எது உடைய வேண்டும் என்பதைப் பொறியாளர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இது.

பனி இல்லாத கலிபோர்னியா போன்ற இடங்களில் ஈரவகை. தூண் எப்போதும் தண்ணீரோடு நிற்கும். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனி வால்வு. பழுதுபார்க்க எளிது, ஆனால் வண்டி மோதினால் தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும். பிரிட்டனில் பெரும்பாலும் தூணே கிடையாது. நடைபாதைக்கு அடியில் குழியில் வால்வு, மேலே இரும்பு மூடி, பக்கத்துச் சுவரில் மஞ்சள் பலகை. அதில் மேலே இருக்கும் எண் மெயினின் விட்டம், மில்லிமீட்டரில். கீழே இருக்கும் எண், பலகையிலிருந்து ஹைட்ரண்ட் எத்தனை மீட்டர் தூரம் என்பது. புகையிலும் இருட்டிலும் தேடுகிறவருக்கு இந்த இரண்டு எண்ணும் போதும். நம் நாட்டு நியமங்களில் தூண் வகையும் உண்டு, நிலத்தடி வகையும் உண்டு.

அமெரிக்கத் தூண்களின் தலைப்பில் இருக்கும் நட்டு ஐங்கோணமாக இருக்கும். சாதாரண ஸ்பேனரின் இரண்டு தாடையும் இணையாக இருக்கும். ஐங்கோணத்தில் எந்த இரண்டு பக்கமும் இணையாக இல்லை, ஸ்பேனர் வழுக்கிவிடும். உரிய சாவி இருந்தால்தான் திறக்கலாம். திறக்கும் திசையோ ஊருக்கு ஊர் மாறும். தலைப்பில் வார்த்திருக்கும் அம்புக்குறியைப் பார்க்காமல் திருப்பக்கூடாது. மூடும் பக்கமாகப் பலங்கொண்ட மட்டும் திருப்பிவிட்டு, "திறக்கவில்லை" என்று சாவிக்குக் குழாய் செருகி இன்னும் நீட்டித் திருகினால், தண்டு முறுக்கி முறியும்.

திறப்பதைவிட மூடுவதில் நிதானம் வேண்டும். குழாயில் ஓடும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால், அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறிக் குழாய் நெடுக அலையாக ஓடும். 1897-98-இல் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் ஷுக்கோவ்ஸ்கி செய்த சோதனைகள் இதற்குக் கணக்கு கொடுத்தன. இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோ அழுத்தம் கூடுதலாக ஏறும். வழக்கமாக 3, 4 கிலோவில் இருக்கும் பழைய மெயினுக்கு இது பெரிய அடி. தீயை அணைத்த அவசரத்தில் ஹைட்ரண்டைப் படபடவென்று மூடிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை இரண்டு தெரு தள்ளி மெயின் வெடித்திருக்கும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

இப்போது பழுதுபார்ப்பு. மிகச் சாதாரணமான நோய், மூடியபிறகும் கசிவது. பத்தில் பல முறை காரணம் சீட்டில் சிக்கிய ஒரு கல், அல்லது துருத் துணுக்கு. ஃபிட்டருக்கு உடனே வரும் உந்துதல் இன்னும் இறுக்கித் திருகுவது. அதைச் செய்யவே கூடாது. கல் ரப்பருக்குள் புதைந்து வெட்டும். ஒரு கல் பிரச்சினை ஒரு வால்வுப் பிரச்சினையாக மாறும். எதிர்த்திசையில் போங்கள். முழுசாகத் திறந்து, வாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வேகமாக ஓடட்டும். கல் அடித்துக்கொண்டு போய்விடும். பிறகு மெல்ல மூடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் கசிவு நிற்கவில்லை என்றால்தான் பிரிக்க வேண்டும்.

பிரிப்பதற்கும் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. நல்ல வடிவமைப்பின் அடையாளம் அது. மெயினிலிருந்து ஹைட்ரண்டுக்கு வரும் கிளைக் குழாயில் இருக்கும் கேட் வால்வை மூடிவிட்டு, ஹைட்ரண்டைத் திறந்து, உள்ளே அழுத்தம் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இதைத் தவறவிட்டுத் தலைப்பைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. தலைப்பை எடுத்தபின், நீண்ட சீட்டுச் சாவியை மேலிருந்து இறக்கித் திருப்பினால், வெண்கலச் சீட்டு வளையமும் வால்வும் தண்டும் ஒன்றாக மேலே வரும். சீட்டு வளையம் வெண்கலம். அது போய்த் திருகிக்கொள்ளும் வளையமும் வெண்கலம். இரும்போடு இரும்பு திருகியிருந்தால் இருபது வருஷத்தில் துருவால் ஒன்றாகிவிடும், கழற்றவே முடியாது. முதல் நாளிலேயே கடைசி நாளை நினைத்துச் செய்த தேர்வு அது. அக்காலத்தில் வால்வின் முகத்துக்குத் தோல் வைத்தார்கள். இப்போது செயற்கை ரப்பர். ரப்பரைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். இவ்வளவு தூரம் பிரித்தபின் புது ரப்பரும் புது ஓ-ரிங்கும் போடாமல் மூடுவது சிக்கனமாகாது. மரைகளுக்குக் குடிநீரோடு சேரலாம் என்று அனுமதிக்கப்பட்ட கிரீஸ் மட்டுமே. மூடியதும், மறுபடி அந்த உள்ளங்கைச் சோதனை.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை: அந்தக் கிளைக் கேட் வால்வு மூட வேண்டும். என் அனுபவத்தில் பெரும்பாலான ஹைட்ரண்ட் வேலைகள் நின்றுபோவது ஹைட்ரண்டில் இல்லை, இங்கேதான். அந்த வால்வு இருக்கும் குழி, அதாவது சேம்பர், மண்ணால் மூடியிருக்கும். சாலை போட்டபோது மூடிமேல் தார் ஏறியிருக்கும். கண்டுபிடித்துத் தோண்டி எடுத்தால், ஸ்பிண்டில் என்ற திருகுதண்டு அசையாது.

கேட் வால்வு, நாம் ஸ்லூயிஸ் வால்வு என்று சொல்வது, ஏன் இறுகிப்போகிறது? பழைய வகையில், கேட் இறங்கி உட்கார அடியில் ஒரு பள்ளம் இருக்கும். திறந்தே கிடக்கும் வருஷங்களில் அதில் மணலும் துருவும் படியும். ஸ்பிண்டில் மரையில் சுண்ணாம்பு ஏறும். ஸ்பிண்டில் வெளியே வரும் வாயான கிளாண்டில் திணித்த பேக்கிங் காய்ந்து கல்லாகும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா வால்வையும் திருக வேண்டும். அதுவும் ஒரே மூச்சில் இல்லை. சில சுற்று மூடி, ஒன்றிரண்டு சுற்றுத் திறந்து, மறுபடி மூடி, இப்படி முன்னும் பின்னுமாகப் போனால், ஒடுங்கிய வழியில் வேகமெடுக்கும் தண்ணீரே பள்ளத்துக் கசடை அடித்துப் போகும். பலத்தால் ஒரே அடியாக மூடினால், கசடு கேட்டுக்குக் கீழே இறுகி, "மூடிவிட்டது" என்று நம்மை நம்பவைக்கும்.

அந்த ஏமாற்றத்துக்கு மருந்து, சுற்றுகளை எண்ணுவது. அமெரிக்க நகரங்களில் ஒரு கைக்கணக்கு உண்டு: வால்வின் அங்குல அளவை மூன்றால் பெருக்கி இரண்டோ மூன்றோ கூட்டினால், முழுசாகத் திறக்கத் தேவையான சுற்றுகள் வரும். 6 அங்குல வால்வுக்கு 20 அல்லது 21. பதினாலாவது சுற்றிலேயே கெட்டியாக நின்றால் அது மூடவில்லை, எதுவோ தடுக்கிறது. மரையின் இடைவெளியைப் பொறுத்து இந்த எண் மாறும் என்பதால், நம்மிடம் உள்ள ஒவ்வொரு வால்வையும் புதிதாக இருக்கும்போதே எண்ணி எழுதிவைக்க வேண்டும். அந்த எண்ணை விடப் பயனுள்ள தகவல் ஒரு ஃபிட்டருக்கு வேறு இல்லை. இப்போது வரும் வால்வுகளில் கேட் முழுவதும் ரப்பர் போர்த்தியிருக்கும். அடியில் பள்ளம் இல்லை, வழவழவென்று இருக்கும். கசடு தங்காது. பழையதை மாற்றும்போது இந்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊர்களில் ஒரு விசித்திரம் இருக்கிறது. குடிநீர் சில மணி நேரம் மட்டும் விடப்படுவதால், தெருத் தெருவாகத் தண்ணீர் திருப்பிவிடும் ஸ்லூயிஸ் வால்வுகள் தினமும் திருகப்படுகின்றன. என்றைக்கோ ஒருநாள் மூடுவதற்கென்று வடிவமைத்த வால்வு அது. தினசரி திருகலில் ஸ்பிண்டில் மரை தேய்கிறது, கிளாண்ட் ஒழுகுகிறது, பாதி திறந்து வைத்து அளவு கட்டுவதால் கேட் நடுநடுங்கிச் சீட்டை வெட்டுகிறது. அதே மெயினில் இருக்கும் ஹைட்ரண்டோ திருகப்படாமலே இறுகுகிறது. ஒரே குழாயில் இரண்டு வால்வு. ஒன்று ஓயாத வேலையால் கெடுகிறது, மற்றது வேலையே இல்லாமல். தினமும் திருக வேண்டிய இடத்துக்கு அதற்கேற்ற வால்வைப் போடுவதும், திருகாமல் கிடப்பதற்கு நாள் குறித்துத் திருகுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

ஹைட்ரண்டின் வாய் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தது. வாஷிங்டனிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலில் ஏறிச் சில மணி நேரத்தில் வந்து சேர்ந்தன. ஆனால் ஹோஸின் மரையும் பால்டிமோர் ஹைட்ரண்டின் மரையும் பொருந்தவில்லை. முப்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்து, 1,500-க்கும் அதிகமான கட்டடங்கள் போயின. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட வகை இணைப்புகள் இருந்தது அதன்பிறகுதான் கணக்கெடுக்கப்பட்டது. பொது அளவு ஒன்றை வகுத்தார்கள். ஆனாலும் 1991-இல் ஓக்லாந்து மலைத் தீயின்போது, மற்ற ஊர்களின் இரண்டரை அங்குல ஹோஸ் ஓக்லாந்தின் மூன்று அங்குல வாயில் பொருந்தாமல் தவித்தார்கள். நம் நாட்டில் 63 மி.மீ. அளவில், மரையே இல்லாமல் அழுத்திச் செருகும் இணைப்பு பொதுவாக இருப்பது பெரிய பாக்கியம். அதைக் கெடுக்காமல் காக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து விரிசல் விட்டால் அந்த இணைப்பும் பிடிக்காது.

சான் பிரான்சிஸ்கோவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. 1906 ஏப்ரல் 18 அதிகாலை 5:12-க்கு நிலம் குலுங்கியது. நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெருங்குழாய்கள் முறிந்தன. தெரு மெயின்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் உடைந்தன. இடிந்த வீடுகளின் இணைப்புகள் ஆயிரக்கணக்கில் திறந்தவாயாகத் தண்ணீரை ஒழுகவிட்டன. தீயணைப்பு வீரர்கள் ஹைட்ரண்ட் ஹைட்ரண்டாகத் திறந்து பார்த்தார்கள், காற்றுதான் வந்தது. மிஷன் பகுதியில், டோலோரஸ் பூங்காவின் மேட்டு ஓரத்தில், 20-ஆம் தெருவும் சர்ச் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு ஹைட்ரண்ட் மட்டும் வேலை செய்தது. குதிரைகள் சோர்ந்து விழுந்ததால், பூங்காவில் அடைக்கலம் புகுந்திருந்த மக்களே பம்பு வண்டியை மேட்டில் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தத் தண்ணீரால் மிஷன் பகுதி தப்பியது. ஒவ்வோராண்டும் ஏப்ரல் 18 விடியலில் அந்த ஹைட்ரண்டுக்குப் பொன்வண்ணம் பூசுகிறார்கள்.

அந்த நகரம் நன்றி செலுத்துவதோடு நிற்கவில்லை. தீக்கென்றே தனிக்குழாய் அமைப்பு ஒன்றை 1913 வாக்கில் கட்டி முடித்தது. மலையுச்சியில் சுமார் 4 கோடி லிட்டர் கொள்ளும் நீர்த்தேக்கம், கீழே தொட்டிகள், கடல்நீரை ஏற்றும் பம்புகள். தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது இது. 1906 நிலநடுக்கத்தில் பட்ட காயத்தால் அவர் இறந்தார், இதைப் பார்க்கவில்லை. 1989 அக்டோபரில் மறுபடி நிலம் குலுங்கியபோது, இந்தத் தனி அமைப்பிலும் ஒரு மெயின் உடைந்தது. உடைந்த பகுதியை வால்வு மூடித் துண்டிப்பதற்குள், கீழ்ப்பகுதிக்குத் தண்ணீர் தரும் தொட்டி அரை மணி அளவில் காலியானது. மரீனா பகுதி எரிந்தபோது அங்கே ஹைட்ரண்டில் தண்ணீர் இல்லை. ஃபீனிக்ஸ் என்ற தீயணைப்புப் படகு கரையோரம் நின்று கடல்நீரை ஏற்றிக் கொடுத்ததால் தீ நின்றது. எத்தனை ஹைட்ரண்ட் இருந்தாலும், உடைந்ததை வெட்டிவிடும் வால்வை உடனே மூட முடியாவிட்டால் எல்லாம் ஒன்றாக வற்றும். 

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் பாலிசேட்ஸ் மலைப்பகுதி எரிந்தபோதும் ஹைட்ரண்டுகள் வற்றின. தலா 10 லட்சம் கேலன் கொள்ளும் மூன்று தொட்டிகள் ஓர் இரவுக்குள் காலியாயின. வழக்கத்தைப் போல நான்கு மடங்கு தண்ணீர் மணிக்கணக்காக இழுக்கப்பட்டது. பக்கத்தில் இருந்த பெரிய நீர்த்தேக்கம் மூடுவிரிப்புப் பழுதுக்காக வெறுமையாக்கப்பட்டிருந்தது. அது நிறைந்திருந்தாலும் அவ்வளவு பெரிய தீக்குப் போதுமா என்பது விவாதத்துக்கு உரியது. ஹைட்ரண்டின் பழுது அங்கே எதுவும் இல்லை. அது குழாயின் நுனி மட்டுமே. குழாயில் இருப்பதைத்தான் அது தரும். 100 மி.மீ. மெயினுக்குப் பதில் 150 மி.மீ. போட்டால், அதே சரிவில் ஏறத்தாழ மூன்று மடங்கு தண்ணீர் போகும். உள்ளே துருக்கட்டி வளர்ந்தால் அந்த லாபம் மெல்ல மெல்லப் போகும். இதனால்தான் அமெரிக்காவில் ஹைட்ரண்டை ஓடவிட்டு அளந்து, தலைக்கு நிறம் தீட்டுகிறார்கள்: நிமிடத்துக்கு 1,500 கேலன், அதாவது சுமார் 5,700 லிட்டருக்கு மேல் என்றால் வெளிர்நீலம், 1,000-க்கு மேல் பச்சை, 500-க்கு மேல் ஆரஞ்சு, அதற்கும் கீழே சிவப்பு. சாவி போடுவதற்கு முன்பே எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

நம் தெருக்களில் அழுத்தம் இருக்கும் நேரம் குறைவு. எனவே நம் தீயணைப்பு வண்டி தன் தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. 4,500 லிட்டர் தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு 900 லிட்டர் வீதம் விட்டால் ஐந்தே நிமிடம். பிறகு நிரப்ப ஓட வேண்டும். கோயம்புத்தூரில் செய்வதைப் போல 24 மணி நேரக் குடிநீருக்குக் குழாய்களை மாற்றும் ஊர்களில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: தெருவைத் தோண்டும் இந்தச் சமயத்திலேயே ஹைட்ரண்டுக்கான கிளையையும் அதன் வால்வையும் போட்டுவிடுங்கள். இன்னொருமுறை அந்தத் தெருவைத் தோண்ட யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள்.

இன்றைக்கு நம்மில் பலருக்கு மிக அருகில் இருப்பது மாடிப்படிப் பக்கத்துச் சிவப்புக் குழாய். அதில் தளத்துக்குத் தளம் இருக்கும் லேண்டிங் வால்வு. சங்கப் பொறுப்பாளர்களிடம் சொல்கிறேன். அதன் கைச்சக்கரம் சுழல்கிறதா என்று நீங்களே திருப்பிப் பாருங்கள். வாயை மூடும் மூடியும் பித்தளைப் பாகங்களும் இருக்கின்றனவா? திருட்டுப் போவது முதலில் அவைதான். பெட்டிக்குள் இருக்கும் ஹோஸை விரித்துப் பாருங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தது மடிப்பில் இற்றுப்போயிருக்கும். பம்பு அறையில் தேர்வு ஸ்விட்ச் தானியங்கி நிலையில் இருக்கிறதா? சிறு கசிவை ஈடுகட்டும் ஜாக்கி பம்பு அடிக்கடி ஓடினால், எங்கோ ஒரு வால்வு அல்லது இணைப்பு ஒழுகுகிறது. அந்த ஓசை உங்களுக்கு வரும் தகவல். எல்லாவற்றுக்கும் முன்னால், பம்புக்கும் அந்தச் சிவப்புக் குழாய்க்கும் நடுவே இருக்கும் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கித் தெளிப்பான்கள் வேலை செய்யாமல் போன தீ விபத்துகளில் முதன்மையான காரணம், யாரோ அமைப்பை மூடி வைத்திருந்தது. அந்த வால்வைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைக் காவலரிடம் கொடுத்து வையுங்கள்.

ஃபிட்டர் தம்பிகளுக்கு: ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் அட்டை. அதில் இருக்க வேண்டியது: எங்கே இருக்கிறது, நிலையான இரண்டு அடையாளங்களிலிருந்து அளந்த தூரம், அளவு, திறக்கும் திசை, மொத்தச் சுற்று, கடைசியாகத் திருகிய தேதி, திருகியவர் பெயர். சேம்பர் மூடியைத் தாரிலிருந்து மீட்டு மட்டத்துக்கு உயர்த்துவது முதல் மாத வேலை. அட்டை எழுதுவது அதோடு சேர்ந்தே நடக்கும். அட்டையின் மாதிரியை அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். போகும்போது வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள்.